வெந்நீர்க் கல்யாணம்

தீர்மானம் எழுதுவது எப்படி, வரவு செலவுத் திட்டத்தைப் படிப்பது எப்படி என்று புதிதாக வந்திருக்கும் உங்களுக்குச் சொல்லித்தர அதிகாரிகள் இருக்கிறார்கள். என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். நான் அறுபதுகளின் கடைசியில் மேற்கு மாம்பலத்திலிருந்து மாநகராட்சி உறுப்பினர் ஆனேன். பிறகு ஒரே ஒரு முறை சட்டசபை. மிகப் பிற்காலத்தில், சென்னைக்கு வெளியே ஒரு சின்ன நகரத்தில் நகராட்சித் தலைவர். இவ்வளவுதான் என் கணக்கு. இன்று இந்த அறையில் பாதிக்கு மேல் பெண்கள் உட்கார்ந்திருப்பதைப் பார்க்கும்போது, பொதுவாக நாலு நல்ல வார்த்தை சொல்லிவிட்டுப் போக மனம் வரவில்லை. ஒரு கல்யாணத்தைப் பற்றிச் சொல்கிறேன்.

அதற்கு முன் ஒருவரைச் சொல்லியாக வேண்டும். பெயர் வேண்டாம். அவருக்குப் பிடிக்காது. அபிராமபுரத்து வக்கீல், மாநகராட்சியில் எங்களுக்கு எதிர்வரிசை. மன்றத்தில் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டுவார்; வெளியே வந்தால் “வீட்டில் எல்லாரும் சௌக்கியமா?” என்று விசாரிப்பார். நான் பதவிக்கு வந்த புதிதில், தி.நகரில் ஒரு நடைபாதைக் கடையை எடுக்க வேண்டி வந்தது. கடைக்காரரிடம் சொல்லிவிட்டு வர ஆள் அனுப்பலாம் என்று பியூனைத் தேடிக்கொண்டிருந்தேன். தாழ்வாரத்தில் அவர் நின்றார்.

“எடுக்கறதுன்னு முடிவு பண்ணியாச்சா?”

“பண்ணியாச்சு.”

“அப்போ நீங்களே போய்ச் சொல்லுங்கோ. நல்லது சொல்ல யாரை வேணா அனுப்பலாம். கெட்டது சொல்ல ஆள் அனுப்பப்படாது.”

அவ்வளவுதான் சொன்னார். நான் போனேன். கடைக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டினார். கேட்டுக்கொண்டு திரும்பி வந்தேன். அன்றிலிருந்து அந்தப் பழக்கம் வந்துவிட்டது. கல்யாண விஷயத்தில் அது எனக்கு நன்மை செய்ததா, கெடுதல் செய்ததா என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

எழுபதுகளின் நடுவில் ஒரு வைகாசி. முந்தைய வருஷம் மழை பொய்த்திருந்தது. தெருக்குழாயில் காற்று மட்டும்தான் வரும். மாம்பலம் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்குகிற ஆபீஸ்காரர்கள் ஒரு கையில் சாப்பாட்டுப் பையும் மறு கையில் தெரிந்தவர் வீட்டில் பிடித்த ஒரு வாளித் தண்ணீருமாக நடந்து போவார்கள். அந்த வருஷங்களில் மாநகராட்சியில் உறுப்பினர்களே கிடையாது. மன்றத்தைக் கலைத்துவிட்டு அதிகாரிகள் நடத்திக்கொண்டிருந்தார்கள். அதனால் அடைத்துக்கொண்ட சாக்கடையானாலும் சரி, அடிதடியானாலும் சரி, எம்.எல்.ஏ. வீட்டு வாசலுக்குத்தான் வரும். அப்போது நான் எம்.எல்.ஏ.

ஒரு நாள் காலை, கோலம் போட்டுக்கொண்டிருந்தேன். அம்சா ஓடி வந்தாள். ரயில் பாதையை ஒட்டிய சந்தில் குடியிருப்பவள். மார்க்கெட்டில் கீரை விற்பாள். அவள் புருஷன் பாலு சைக்கிள் ரிக்‌ஷா ஓட்டுபவன். என் தேர்தலின்போது கிழவிகளை ஏற்றிக்கொண்டு வந்து ஓட்டுப் போட வைத்தவன்.

“யக்கா, எங்க வூட்டுக்காரர வண்டில தூக்கிப் போட்டுக்கினு போய்ட்டாங்கோ. ராவெல்லாம் வாந்தி, பேதி. கண்ணு உள்ள பூட்ச்சு. எதிர் வூட்டு ஆயாவுக்கும் அப்டித்தான் கீது. இன்னொருத்தன் சுருண்டு படுத்துக்கினு கீறான். நீ வந்து பாருக்கா.”

போனேன். சந்து முழுவதற்கும் தண்ணீர் தருவது ஒரே ஒரு அடி பம்ப்பு. அதற்கு இரண்டு முழம் தள்ளித் திறந்த சாக்கடை. பம்ப்பின் கைப்பிடியைச் சங்கிலி போட்டுக் கட்டிக்கொண்டிருந்தார்கள். பக்கத்தில் சுகாதார அதிகாரி சேஷாத்ரி நின்றார். மயிலாப்பூர்க்காரர், சின்ன வயசு, பதவிக்கு வந்து ஒரு வருஷம்கூட ஆகியிருக்காது. கசங்கிய சட்டையைப் பார்த்தால் விடிவதற்கு முன்பே வந்துவிட்டார் என்று தெரிந்தது.

“காலராதான், மேடம். லேப் சொல்லணும்னு இல்லை, பாத்தாலே தெரியறது. பம்ப்பை மூடிட்டேன். ஆனா என் கவலை அது மட்டும் இல்லை.”

சந்தின் கோடியில் இருந்த உயரமான மதிலைக் காட்டினார். மதிலுக்கு அந்தப் பக்கம் கல்யாணச் சத்திரம். சத்திரத்துக் கிணறு மதிலை ஒட்டியே இருந்தது. இந்தச் சாக்கடைதான் மதிலுக்கு அடியில் நுழைந்து அந்தப் பக்கம் போனது.

“கிணத்துத் தண்ணியையும் எடுத்து லேபுக்கு அனுப்பியிருக்கேன். ரிசல்ட் நாளை மறுநாள்தான் வரும்.”

“முகூர்த்தம் நாளைக்குக் காலையில, டாக்டர்.”

“தெரியும். வாழைமரம் கட்டிண்டிருக்கா.”

“பிளீச்சிங் பவுடர் போட்டா?”

“போடலாம். சாக்கடை கசிஞ்சுண்டே இருந்தா அது எத்தனை நாழி தாங்கும்? அதை நம்பி அத்தனை பேரை உக்காத்தி வெச்சுச் சாதம் போடச் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. காய்ச்சினா ஒரு பயமும் இல்லை. குடிக்கறது, சமைக்கறது, வாய் கொப்பளிக்கறது எல்லாமே காய்ச்சின தண்ணியா இருக்கணும்.” கொஞ்சம் நிறுத்தினார். “கிணத்தை மூடற அதிகாரம் எனக்கு இருக்கு. ஆனா ரிசல்ட் வராம மூடினா, நாளைக்கு எனக்குப் பின்னால ஒருத்தரும் நிக்க மாட்டா. நீங்க நிப்பேளா?”

அவர் கேட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று அவருக்கே தெரியாது. அந்தக் கல்யாணம் வேலாயுதம் அண்ணாச்சி வீட்டுக் கல்யாணம்.

அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கம். தி.நகரில் ஜவுளிக்கடை. ஒரு பெண், அதுவும் பள்ளிக்கூட வாத்தியாரம்மா, சட்டசபைக்கு நிற்பதா என்று என் கட்சிக்காரர்களே முணுமுணுத்தபோது, கடைக்குப் புடவை எடுக்க வருகிற பெண்களிடமெல்லாம் எனக்காகப் பேசியவர் அவர். குடோனைக் காலி செய்து தேர்தல் அலுவலகத்துக்குக் கொடுத்தார். ஒரே மகள் செண்பகத்தின் கல்யாணப் பத்திரிகையைக் குலதெய்வத்தின் முன் வைத்த கையோடு என் வீட்டுக்குத்தான் கொண்டு வந்தார்.

“நிக்கிறேன்” என்று டாக்டரிடம் சொன்னேன்.

அதற்குப் பிறகு தொலைபேசியோடு மல்லாடினேன். நகரம் முழுக்கத் தண்ணீர் லாரிக்கு அடிதடி. கெஞ்சி, கோபித்து, கடைசியில் ஒரு லாரி வாங்கினேன். மறுநாள் சாயங்காலம் வரை வேறு லாரி கிடையாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்கள். அந்த ஒன்றைச் சந்துக்கு அனுப்பச் சொல்லிவிட்டுச் சத்திரத்துக்குப் போனேன். கூட வருகிறேன் என்றார் டாக்டர். வேண்டாம், நான் பேசிய பிறகு வாருங்கள் என்றேன்.

சத்திரத்து வாசலில் நாகஸ்வரக்காரர்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் காலை ரயிலிலேயே வந்துவிட்டார்கள். அண்ணாச்சிக்கு என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் பல்.

“வாங்க தாயி, வாங்க! நாளைக்குத்தான் வருவீயன்னு நெனச்சேன். ஏல, யாரு அங்க? அம்மாவுக்கு மோர் கொண்டா!”

மோர் வந்தது. வெள்ளித் தம்ளரில், கறிவேப்பிலை கிள்ளிப் போட்டு. கையில் வாங்கிவிட்டேன். அவர் நான் குடிப்பதற்காகப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த ஒரு நிமிஷத்தை என்னால் இன்னும் மறக்க முடியவில்லை. தம்ளரை ஜன்னல் கட்டையில் வைத்தேன்.

“கொஞ்சம் தனியா வாங்க அண்ணாச்சி.”

எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டுக்கொண்டார். எதையும் பதற்றப்படாமல் யோசிப்பவர் அவர்.

“செரி” என்றார் கடைசியில். “நீங்க சொன்னா அதுல காரணம் இருக்கும். கெணத்த மூடிருவோம். லாரிக்குச் சொல்லியிருக்குன்னீயள்லா, அத இங்க விட்டுருங்க. மத்தத நான் பாத்துக்கிடுதேன்.”

“லாரி சந்துக்குப் போகுது அண்ணாச்சி.”

“அவங்களுக்கு நாளைக்கு விடுங்களேன். ஒரு நாளுதான?”

“அவங்க பம்ப்பை மூடியாச்சு. குடிக்க ஒரு சொட்டு இல்ல.”

“அப்பம் ஆளுக்குப் பாதி. நியாயந்தான?”

நியாயம்தான். கேட்ட எவருக்கும் அது நியாயமாகத்தான் படும். எனக்கும் ஒரு கணம் அப்படித்தான் பட்டது. சரி என்று சொல்லிவிட்டால் என் பாடு தீர்ந்துவிடும். ஆனால் வழியில் அந்தச் சந்தைப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வீட்டுக்கு வீடு காலிக் குடம். மண்ணெண்ணெய்க்கு ரேஷன் கடையில் பெண்கள் காத்துக் கிடந்தார்கள். ஒரு வேளைச் சோறு பொங்கவே சுள்ளி பொறுக்குகிறவர்கள். அவர்களைப் பார்த்துத் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று எப்படிச் சொல்வது? இங்கே கொட்டகை நிறையச் சவுக்குக் கட்டை. கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. ஆள் முழுகும் அண்டாக்கள். ஒரு சமையல் படையே நின்றது. இருப்பதைப் பங்கு போடுவது சுலபம். யாரால் சமாளிக்க முடியும், யாரால் முடியாது என்று பார்ப்பதுதான் நம் வேலை.

“அண்ணாச்சி, உங்களால காய்ச்ச முடியும். அவங்களால முடியாது. லாரி அங்கதான் போகணும். உங்க கிணத்துத் தண்ணியையே கொதிக்கக் கொதிக்கக் காய்ச்சி எல்லாத்துக்கும் வச்சுக்கலாம்னு டாக்டர் சொல்றார். பச்சைத் தண்ணி படுறது மட்டும் கூடாது. மோர், பானகம், பச்சடி வேண்டாம்.”

“வைகாசி வெயில்ல, வந்த சனத்துக்கு வெந்நியா? மாப்பிள்ள வீட்டாளுகளுக்குமா?”

“எல்லாருக்கும்.”

அவர் என்னையே பார்த்தார். கோபம் இல்லை. அது இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

“நான் ஒங்களுக்கு என்ன கொற வச்சேன், தாயி?”

டாக்டர் வந்தார். கிணற்று ராட்டினத்திலிருந்து கயிற்றைக் கழற்றினோம்.

அன்று பகலில் அண்ணாச்சி செய்யாத முயற்சி இல்லை. கொட்டிவாக்கம் பக்கம் கடற்கரை மணலில் நல்ல ஊற்று இருக்கிறது என்று யாரோ சொல்ல, கடை வேனில் பித்தளைத் தவலைகளை ஏற்றி அனுப்பினார். வந்த தண்ணீர் சடங்குக்குக் காணும்; பந்திக்குக் காணாது.

கயிற்றைக் கழற்றிவிட்டால் போதாது என்று எனக்குத் தெரியும். கல்யாண வீட்டில் நூறு கை. எவனாவது ஒரு வாளியை இறக்கிவிடுவான். ஒரு மடக்கு நாற்காலியைக் கிணற்றடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். சமையலுக்கு வேண்டியபோது மட்டும் கயிறு போட்டு, இறைத்த தண்ணீர் நேராக அண்டாவுக்குப் போகிறதா என்று பார்த்தேன். சமையல்காரர் கொதிக்கிற தண்ணீரில் சீரகத்தை அள்ளிப் போட்டார். “கேட்டா மருந்துத் தண்ணின்னு சொல்லிக்கிடலாம்” என்றார்.

சாயங்காலம் மாப்பிள்ளையின் தகப்பனார் தோளில் துண்டோடு முகம் கழுவ வந்தார். கனத்த உடம்பு, கம்பீரமான மீசை.

“வாளி எங்க?”

“இங்க வேண்டாங்க. உள்ள காய்ச்சி ஆற வச்ச தண்ணி இருக்கு.”

“வாய் கொப்பளிக்கவுமா?”

“வாய் கொப்பளிக்கவும்.”

“ஏம்மா, நீங்க எம்மெல்லேயா, கெணத்துக்குக் காவலா?”

“இன்னிக்கு ரெண்டும்தாங்க.”

அவர் சிரிக்கவில்லை. உள்ளே போய் உரத்த குரலில் பேசியது எனக்குக் கேட்டது. “நாங்க என்ன சீக்காளியளா? பொண்ணு கட்ட வந்த எடத்துல வெந்நியக் குடிச்சிட்டுக் கெடக்கணுமா?” அண்ணாச்சி தாழ்ந்த குரலில் என்னவோ சொல்லிக்கொண்டே இருந்தார்.

மறுநாள் காலை தாலி கட்டி முடிந்தது. பந்தி போட்டார்கள். வெயில் அனலாக அடித்தது. இலை ஓரத்தில் இளஞ்சூட்டில் சீரகத் தண்ணீர். மாப்பிள்ளை வீட்டில் ஒரு கூட்டம் பந்தியில் உட்காராமலே கிளம்பியது. வாசலில் அண்ணாச்சி கைகூப்பி ஒவ்வொருவராக மறித்தார். வயதில் சின்னவர்களின் கையைக்கூடப் பிடித்தார். ஓட்டலில் சாப்பிட்டுக்கொள்கிறோம் என்று நடந்துவிட்டார்கள். பெற்ற மகளின் கல்யாணத்தில் ஒரு மனிதனுக்கு அதைவிடப் பெரிய அவமானம் இருக்க முடியாது.

கிணற்றடிக்கு மணப்பெண் வந்தாள். கழுத்தில் மாலை, புது மஞ்சள் கயிறு. கண் சிவந்திருந்தது.

“இப்பம் திருப்தியா ஒங்களுக்கு? எங்கப்பா இதுவரைக்கும் யார்ட்டயும் கையேந்துனதில்ல. இன்னைக்கு எல்லார் காலுலயும் விழுதாவ.”

என்ன சொன்னாலும் அது அவளுக்குச் சமாதானமாக இருந்திருக்காது. அவள் திரும்பிப் போனாள்.

அதே நேரத்தில்தான் டாக்டர் ஆள் அனுப்பினார். ஆஸ்பத்திரியில் பாலு இறந்துவிட்டான்.

கடைசிப் பந்தி முடியும் வரை கிணற்றை யார் பார்ப்பது என்று ஒரு தயக்கம் வந்தது. சமையல்காரர் “போய்ட்டு வாங்கம்மா, நான் விட மாட்டேன்” என்றார். மதிலைச் சுற்றிக்கொண்டு சந்துக்கு நடந்தேன். ஒரு மதில்தான். அந்தப் பக்கம் நாகஸ்வரம் ஓயவில்லை. இந்தப் பக்கம் பறை அடிக்க ஆள் தேடிக்கொண்டிருந்தார்கள்.

அம்சா சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவளைச் சுற்றிப் பெண்கள். வாசலில் வரிசையாகக் குடங்கள், எல்லாம் நிறைந்து.

“லாரி வந்துச்சுக்கா” என்றாள். “எல்லாத்துக்கும் குடுத்தாங்கோ. எனக்கு ரெண்டு கொடம் குடுத்தாங்கோ. எங்க வூட்ல எதுக்கு ரெண்டு? குடிக்கத்தான் ஆளு இல்லியே.”

அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். உடம்பை ஆஸ்பத்திரியிலிருந்தே மயானத்துக்கு எடுத்துப் போவார்கள், வீட்டுக்குத் தர மாட்டார்கள் என்ற செய்தியையும் அவளிடம் சொல்ல வேண்டியிருந்தது. அதையும் நானே சொன்னேன். அவள் அழவில்லை, என் முந்தானையை ஒரு கையால் பிடித்துக்கொண்டாள். வெகுநேரம் விடவில்லை. பாலுவோடு நோயில் விழுந்த எதிர்வீட்டுக் கிழவியும் இன்னொருவனும் பிழைத்துக்கொண்டார்கள். அதற்குப் பிறகு இருவருக்குக் கண்டது. ஆஸ்பத்திரிக்குப் போய் இருவரும் திரும்பி வந்தார்கள். சந்தில் அதோடு நின்றது.

அடுத்த நாள் டாக்டர் என் வீட்டுக்கு வந்தார். நாற்காலியில் உட்காராமல் நின்றுகொண்டே சொன்னார்.

“பம்ப்புத் தண்ணியில கிருமி இருக்கு, மேடம். கிணத்துத் தண்ணி சுத்தமா இருக்கு. ஒண்ணும் இல்லை.”



“இதே மாதிரி இன்னொரு நாள் வந்தா என்ன பண்ணுவீங்க டாக்டர்?” என்று கேட்டேன்.

யோசிக்கவே இல்லை. “மூடுவேன்.”

அவர் நின்ற நிலையும் அந்தப் பதிலும்தான் எனக்குத் தெம்பு. கொஞ்ச நாளில் அவரை வெளியூருக்கு மாற்றிவிட்டார்கள். ஏன் என்று யாரும் சொல்லவில்லை. நான் போய்க் கேட்டேன். வழக்கமான மாறுதல் என்றார்கள். புறப்படும்போது சொல்லிக்கொள்ள வந்தார். மனைவியையும் குழந்தையையும் மயிலாப்பூரிலேயே விட்டுவிட்டுப் போவதாகச் சொன்னார். எனக்குப் பின்னால் நிற்பீர்களா என்று கேட்டவருக்கு நான் நின்றதால் ஆனது அவ்வளவுதான்.

ரிசல்ட் வந்த அன்றே என் கட்சிக்காரர் ஒருவரும் வந்தார். விவரம் தெரிந்தவர். “கிணத்துலயும் இருந்துச்சுன்னு சொல்லிடுங்க. யாரு போய் லேபுல கேக்கப் போறான்? அண்ணாச்சியே வந்து உங்களுக்கு மாலை போடுவாரு. ஊரையே காப்பாத்துனீங்கன்னு போஸ்டர் அடிச்சிடலாம்” என்றார்.

ஆசை வந்ததா என்று கேட்டால், வந்தது. அதைப் பொய் என்று சொல்லக்கூட யோசிக்க வேண்டும்; கிணற்றில் கிருமி இருந்திருக்கவும் கூடும்தானே? ஆனால் அண்ணாச்சி வியாபாரி. பத்து வருஷம் கழித்தாவது அவருக்கு உண்மை தெரிந்துவிடும். அதைவிட, இன்னொரு முறை நான் ஒரு கிணற்றை மூடச் சொல்லும்போது என் வாயிலிருந்து வருகிற சொல்லுக்கு என்ன மதிப்பு?

தி.நகருக்குப் போனேன். கடையில் நல்ல கூட்டம். அண்ணாச்சி மேஜைக்குப் பின்னால் இருந்தார். வாங்க என்று சொல்லவில்லை.

“ரிசல்ட் வந்திருக்கு அண்ணாச்சி. உங்க கிணத்துல ஒண்ணும் இல்ல.”

துணி கிழிக்கிற சத்தம் ஒரு மூலையில் கேட்டது. அவர் மேஜை மேல் இருந்த முழக்கோலை எடுத்து நேராக வைத்தார்.

“அப்பம் அத்தனையும் சும்மாவா?”

“சும்மான்னு இப்பத்தான் தெரியுது. அன்னிக்குத் தெரியாது.”

“இத வந்து சொல்லணும்னு என்ன இருக்கு?”

“வேற யாரோ சொல்லி நீங்க கேக்கக் கூடாது.”

“செரி. கேட்டுக்கிட்டேன்” என்றார். பிறகு கடைப்பையன்களைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார்.

அந்தக் கல்யாணத்துக்கு மாம்பலத்தில் ‘வெந்நீர்க் கல்யாணம்’ என்று பெயர் நிலைத்துவிட்டது. எனக்கு ‘வெந்நீர் எம்.எல்.ஏ.’ சட்டசபையிலேயே ஒரு உறுப்பினர், நான் பேச எழுந்தபோது, “அம்மாவுக்கு ஒரு தம்ளர் வெந்நீர் கொடுங்கள்” என்றார். அவை சிரித்தது. பம்ப்பையும் பாலுவையும் சொல்லி எல்லாரையும் வாயடைக்க வைத்திருக்கலாம். செத்துப்போனவனை என் பக்கத்துச் சாட்சியாக இழுத்து வந்து நிறுத்த மனம் ஒப்பவில்லை. சிரிப்பு அடங்கும் வரை நின்றேன். பிறகு என் கேள்வியைக் கேட்டேன். அந்தச் சந்துக்குக் குடிநீர்க் குழாய் எப்போது வரும் என்பதுதான் கேள்வி. திரும்பத் திரும்பக் கேட்டுக் கடைசியில் வந்தது.

உங்களுக்குச் சொல்ல விரும்புவது இதுதான். ரிசல்ட் வந்த பிறகு முடிவெடுக்க யார் வேண்டுமானாலும் போதும். அதற்கு நீங்கள் தேவையில்லை. உங்களைக் கூப்பிடுவதே ரிசல்ட் வருவதற்கு முன்னால்தான். நீங்கள் சரியாகச் செய்தால் பெரும்பாலும் எதுவும் நடக்காது. நடக்காத ஒன்றுக்கு எவரும் நன்றி சொல்ல மாட்டார்கள். உங்களால் நேர்ந்த கஷ்டம் மட்டும் கண்ணுக்குத் தெரியும். அது உண்மையான கஷ்டமாகவும் இருக்கும். அண்ணாச்சிக்கு நேர்ந்த அவமானம் பொய்யா? அதை நான் ஒரு நாளும் சின்னது என்று நினைத்ததில்லை.

சபை கலைந்து அடுத்த தேர்தல் வந்தது. கட்சி எனக்கு இடம் தரவில்லை. சுயேச்சையாக நின்றேன். குடோன் இல்லை, வேன் இல்லை. நாலைந்து பெண்கள், ஒரு மைக். அம்சா கீரைக் கூடையைத் தலையில் வைத்துக்கொண்டே எனக்கு ஓட்டுக் கேட்டாள். தி.நகரில் கடை கடையாக ஏறினோம். அண்ணாச்சி கடை வந்ததும் கூட வந்தவர்கள் தாண்டிப் போகப் பார்த்தார்கள். நான் படியேறினேன். ரிசல்ட்டைச் சொல்லிவிட்டு வந்த பிறகு அன்றுதான் மறுபடி அந்தப் படியில் கால் வைத்தேன்.

அவர் வயசாகித் தளர்ந்திருந்தார். மடியில் ஒரு பெண் குழந்தை, செண்பகத்தின் மகளாக இருக்க வேண்டும். கைகூப்பினேன். கடையில் எல்லாரும் வேலையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள்.

“ஓட்டுக் கேக்க வந்தீயளா?”

“ஆமா அண்ணாச்சி.”

குழந்தையை இறக்கிவிட்டார்.

“போடுதேன். ஒங்களுக்குத்தான் போடுவேன். நாளைக்கு இந்தப் பிள்ள குடிக்கத் தண்ணியில ஒரு சந்தேகம்னா, ரிசல்ட்டுக்குக் காத்துக் கெடக்கிறவனுக்கு நான் ஓட்டுப் போட முடியாது. ஆனா ஒண்ணு, இன்னைக்கோட சரி. இனிமே ஒங்ககிட்ட நான் பேச மாட்டேன். என் வாசல்ல நான் நின்ன நிலை எனக்கு மறக்கல.”

“சரிங்க அண்ணாச்சி” என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினேன்.

அந்தத் தேர்தலில் தோற்றேன், மோசமாகவே தோற்றேன். அதற்குப் பிறகும் அண்ணாச்சி பல வருஷம் இருந்தார். மாம்பலம் ஸ்டேஷனில், கோயில் வாசலில், ஒரு சாவு வீட்டில் எதிரெதிரே வந்திருக்கிறோம். நான் கும்பிடுவேன். அவரும் கும்பிடுவார். ஒரு வார்த்தை பேசியதில்லை. ஓட்டுச் சீட்டில் எவர் எங்கே முத்திரை குத்தினார் என்று எவருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது. ஆனால் பேச மாட்டேன் என்று சொன்னதை அந்த மனிதர் சாகும்வரை காப்பாற்றினார். அதனால் மற்றதையும் காப்பாற்றியிருப்பார் என்றே நம்புகிறேன்.